தீர்த்தம் தண்ணீர் இல்லையாம்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் எதற்கு வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஜோசியர் வீட்டில் கம்ப்யூட்டர் ஜாதகம், பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் எடை மிஷின், தையல்கடைப் போர்டில்கூட கம்ப்யூட்டர். சிவப்பு எண்கள் மினுக்கினால் போதும், அந்த மரியாதை கிடைத்துவிடும். நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி செய்த பெட்டியிலும் சிவப்பு எண்கள் மினுக்கின. பெட்ரோல் பங்கில் பூமிக்கடியில் புதைத்திருக்கும் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, அடியில் தண்ணீர் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று ஆபீஸ் அறைக்குள் இருந்தபடியே காட்டும் பெட்டி அது.

அந்தக் கம்பெனியில் ஆண்கள் பெட்டியை மாட்ட சைட்டுக்குப் போவார்கள், பெண்கள் மேஜையில் உட்கார்ந்து பெட்டிக்குள் போகிற மாட்யூல்களை ஈயம் வைத்துப் பற்றவைப்போம். பெண்களுக்கு விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. என் பொறுமையை அவர் பார்த்ததில்லை, பாவம். ரயில்வே வேலைக்காக அப்பா மைசூருக்கு வந்த பிறகு பிறந்தவள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தது ஈயப்புகையை மூக்கில் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை குனிந்திருப்பதற்கு இல்லை. எனக்கு சைட்டுக்குப் போகவேண்டும். நான் பற்றவைத்த மாட்யூலை நானே கொண்டுபோய் மாட்டி, அது மூச்சு விடுவதைப் பார்க்கவேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு முதலாளியின் காதைப் புண்ணாக்கியிருந்தேன்.

ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது. சைட்டுக்குப் போகிறவர்களில் ஒருவனுக்குக் கல்யாணம், இன்னொருவனுக்கு மஞ்சள் காமாலை. வேறு வழியில்லாமல் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்ல புதுசா ஒரு பங்கு திறக்கறாங்க. தனியா போ. மாட்டி, ஓட விட்டு, ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. வாங்கிட்டு வந்தா நாளையிலேர்ந்து நீ சைட் இன்ஜினியர். இல்லேன்னா திரும்ப மேஜை. அப்புறம் வாழ்நாள் பூரா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, ஆய்த்தா?"

"ஆய்த்து சார்" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

பங்கு ஓனர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். மில், லாரி, டிராக்டர் என்று சம்பாதித்து மைசூருக்குக் குடிவந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு பாத்தி அளவுக்குக் குங்குமம். பையும் கையுமாக நான் போய் நின்றதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்ஜினியரு எங்கீங்க அம்மணி?"

"நான்தான்."

"நீங்க சரி. மாட்டறவரு?"

"அதுவும் நான்தான்."

மறுபடியும் எட்டிப் பார்த்தார். சாலையில் ஒரு மாட்டுவண்டிதான் வந்துகொண்டிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பிறகு எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

அந்தப் பங்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 'புகைபிடிக்காதீர்' என்று மூன்று மொழியிலும் எழுதிய பெரிய தகரப் போர்டு ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் நிழல் விழுகிற ஒரே இடம் அந்தப் போர்டின் பின்பக்கம். ஆகையால் பெயிண்ட் அடிப்பவர்கள், கொத்தனார்கள் எல்லோரும் அங்கே போய் நின்றுதான் பீடி பிடித்தார்கள்.

வேலையைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். தொட்டிக்குள் நீளமாக ஒரு கம்பி இறங்கும். அதில் இரண்டு மிதவைகள்: மேலே இருப்பது பெட்ரோல் எவ்வளவு என்று சொல்லும், அடியில் இருப்பது தண்ணீர் இருந்தால் சொல்லும். அந்த ஒயர் ஒரு குழாய் வழியாக ஆபீசுக்கு வந்து பெட்டியின் இடது பக்க மாட்யூலில் சேரும். வலது பக்கத்தில் இன்னொரு மாட்யூல். அது கரண்டைக் கையாளுவது. தொட்டியில் தண்ணீர் வந்தால் சைரனை அலறவிடும், பம்பை நிறுத்திவிடும். இடது பக்கத்து ஒயரும் வலது பக்கத்து ஒயரும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்துக்குப் போகிற ஒயரில் ஒரு பொறி தப்பிப் போனாலும் பிறகு பங்கும் இல்லை, ஓனரும் இல்லை. கல்யாண வீட்டில் சண்டைபோட்ட சம்பந்திகளை வேறு வேறு அறையில் தங்கவைக்கிற மாதிரி இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடவேண்டும்.

"ஒரே பைப்புல விட்டா ஆகாதுங்களா? சும்னே எதுக்கு ரெண்டு?" என்றார் ஓனர்.

ஆகாது என்றேன். ஏன் என்று விளக்கினேன். கேட்டுவிட்டுத் தொட்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு குழாய் போட்டார்கள்.

மாட்யூல்களைப் பெட்டியில் செருகி, முனைகளைச் சீவி, ஒவ்வொன்றாகத் திருகி, இழுத்துப் பார்த்து, கரண்ட் கொடுத்தபோது சிவப்பு எண்கள் உயிர்பெற்று நின்றன. வாளித் தண்ணீரில் அடிமிதவையை முக்கிப் பார்த்தேன். சைரன் ஊரைக் கூட்டியது, பம்பு நின்றது. அப்புறம் கம்பியைத் தொட்டிக்குள் இறக்கினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். கையெழுத்துக் காகிதத்தை நீட்டினேன்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு, முதல் போணி ஆகட்டும் அம்மணி. போணி ஆன கையோட அதே கையால போட்டுத் தர்றேன்" என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பூஜை, போணி, என் கையெழுத்து. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காலையில் போனால் பங்கே கல்யாண மண்டபமாக இருந்தது. வாழைமரம், மாவிலை, சொந்தபந்தம் எல்லாம் பட்டுப்புடவையில். மேல்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பட்டாச்சாரியார் வந்து இறங்கியிருந்தார். தொட்டியின் வாய் இருக்கும் குழியின் இரும்பு மூடி மேலேயே கற்பூரத் தட்டு, ஊதுபத்திக் கட்டு, அஞ்சு முக விளக்கு, உச்சியில் கற்பூரம் வைத்த பூசணிக்காய். ஒருவர் தீக்குச்சியை உரசுவதற்குக் கையை ஓங்கிவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் தவில்காரர் கையே நின்றுவிட்டது.

"நெருப்பு கூடாது! இங்க ஒரு பொறி கூடாது! கீழ பெட்ரோல் இருக்கு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சகுனத் தடை என்று யாரோ ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். ஓனர் முகம் சுண்டிப்போயிற்று. "பூசை இல்லாம எப்படீங்க அம்மணி மிஷினு ஓடும்?" என்று நிஜமாகவே கேட்டார். ஆனால் பட்டாச்சாரியார் நல்ல சுபாவம். சிரித்தார்.

"குழந்தை சொல்றது வாஸ்தவம். அக்னி வேண்டாம்னா போகட்டும். ஜலத்தாலே பண்ணிடலாம். காவேரித் தீர்த்தமே அஞ்சு குடம் கொண்டுவந்திருக்காளே! அபிஷேகம் பண்ணினா பெருமாளுக்கு இன்னும் சந்தோஷம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நன்றி சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நெருப்பு வேண்டாம் என்று சொன்னால் தண்ணீரைக் கொண்டுவருவார்கள் என்பது என் டிப்ளமாவில் எந்தப் பாடத்திலும் இல்லை.

மந்திரச் சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பட்டுப்புடவைகளின் முதுகுதான் தெரிந்தது. திடீரென்று திரையில் பெட்ரோல் அளவு ஏற ஆரம்பித்தது. டேங்கர் லாரி ஒன்றும் வரவில்லையே என்று யோசித்தேன். அப்புறம் கீழே இருக்கிற எண் நகர்ந்தது, தண்ணீர் எண். பூஜ்யத்திலிருந்து மெதுவாக, கண்ணெதிரே, ஏறிக்கொண்டே போயிற்று.

வெளியே ஓடினேன். நடந்தது இதுதான்: தொட்டிக்குள் இருக்கிறதுக்கும் மூன்று உத்தரணி தீர்த்தம் சேரட்டும் என்று அளவுகோல் விடுகிற குழாயின் மூடியைத் திறந்திருக்கிறார்கள். உத்தரணியோடு நிறுத்தினார்களா? மூடியை மூட மறந்து, குழிக்குள் குடம் குடமாக அபிஷேகம். குழி நிரம்பவேண்டுமே, நிரம்பவில்லை. அத்தனையும் குழாய் வழியாகத் தொட்டிக்குள். குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓனரின் சம்சாரம் கண்ணில் நீர் தளும்ப நின்றாள்.

"எத்தனை ஊத்துனாலும் பூமாதேவி உள்ள வாங்கிக்கிறா, பாருங்க!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த நிமிஷம் சைரன் அலறியது.

நான் ஓடிப்போய்ச் சத்தத்தை மட்டும் அடக்கினேன். பம்பு நின்றது நின்றதுதான். தண்ணீர் போகிறவரை அது ஓடாது, அப்படித்தான் நான் ஒயர் கொடுத்திருந்தேன். டீசல் தொட்டிக்கு இன்னும் லாரியே வரவில்லை. ஆக, விற்பதற்கு அந்தப் பங்கில் வேறு ஒன்றும் இல்லை.

"என்னம்மணி, நேத்து நல்லா ஓடுச்சு. பூசை பண்ணுன ஒடனே அழுவுது?"

"தொட்டிக்குள்ள தண்ணி போயிடுச்சுங்க. பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது. தண்ணியை எடுத்துட்டா தானா ஓடும்."

"தண்ணி எங்க ஊத்துனோம்?"

"இப்ப ஊத்தினீங்களே, அஞ்சு குடம்!"

ஓனர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"அது தண்ணி இல்லீங்க. தீர்த்தம்."

நான் பட்டாச்சாரியாரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

சரி, கண்ணால் காட்டிவிடலாம் என்று தோன்றியது. பங்குகளில் ஒரு பசை வைத்திருப்பார்கள். அளவுகோலின் நுனியில் அதைத் தடவித் தொட்டிக்குள் விட்டால், தண்ணீர் பட்ட இடம் சிவப்பாக மாறும். எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டேன். தடவினேன். விட்டேன். எடுத்தேன். நுனியில் கையகலத்துக்குச் செக்கச்செவேல் என்று சிவப்பு. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதை உயர்த்திப் பிடித்தேன்.

ஓனரின் சம்சாரம் எட்டிப் பார்த்து "குங்குமம்!" என்றாள்.

கிழிந்தது போங்கள். தவில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. "நோடு, பாருங்கோ, பெருமாள் ஏத்துண்டுட்டார்" என்று பட்டாச்சாரியார் சொல்ல, அளவுகோலுக்கு மாலை போட்டார்கள். ஒரு மாமி அந்தப் பசையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஓனருக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"உங்க கை ராசியான கை அம்மணி! எங்க அந்தக் காகிதம்? போணி பண்ணுன ஒடனே போட்டுடலாம். பம்பை மட்டும் ஓட விடுங்க. பத்தரை ஆகப்போவுது."

பம்பை ஓட விடுவது எப்படி என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வலது பக்க மாட்யூலில் இரண்டு ஒயரைக் கழற்றி ஒன்றோடு ஒன்று முறுக்கிவிட்டால் பெட்டி என்ன கத்தினாலும் பம்பு ஓடும். முடியாது என்றேன். ஓனர் போனை எடுத்து எங்கள் முதலாளியைப் பிடித்து, விவரம் சொல்லி, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, ரெண்டு ஒயரு. முறுக்கு. கையெழுத்து வாங்கு. வா."

"சார், இப்ப ஓட விட்டா பம்பு அடியில இருக்கிற தண்ணியைத்தான் முதல்ல இழுக்கும். போடற வண்டியெல்லாம் பாதி வழியில நிக்கும்."

"வண்டி நின்னா நம்ம பங்கு முன்னாடியா நிக்கும்? எங்கயோ நிக்கும்."

"அப்ப நம்ம பெட்டி எதுக்கு சார்?"

"சும்னே வாதாடாதே. மேஜை காலியாத்தான் இருக்கு, பாத்துக்கோ."

ரிசீவரை வைத்தேன். கையில் திருப்புளி இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு ஒயரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அரை நிமிஷ வேலை. அதைச் செய்துவிட்டால் நாளையிலிருந்து சைட் இன்ஜினியர். பிறகு எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"சரிங்க, முறுக்கித் தரேன்" என்றேன். "முதல் போணி உங்க காருக்கு."

வாசலில் ஓனரின் புதுக் கார் நின்றது, மாலையும் எலுமிச்சம்பழமுமாக. எத்தனை ஊத்தினாலும் பூமாதேவி வாங்கிக்கொள்கிற, பெருமாளே ஒப்புக்கொண்ட தீர்த்தப் பெட்ரோல், அதைவிட உசந்த வண்டி எங்கே கிடைக்கும்?

ஓனர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுல... நேத்துத்தான் புல்லா போட்டேன்" என்றார்.

"அப்ப உங்க மச்சான் மோட்டார்பைக்?"

மச்சானும் நேற்றுத்தான் புல்லாகப் போட்டிருந்தான். சித்தப்பாவின் ஸ்கூட்டரும் அப்படியே. என்ன ஆச்சரியம், அந்த வம்சத்தில் ஒரு வண்டிக்குக்கூட அன்று பெட்ரோல் தேவைப்படவில்லை. பட்டாச்சாரியார் கேட்காமலே சொன்னார்: "நான் பஸ்ஸிலே வந்தேன்."

அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தீர்த்தம் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அடப்பாவிகளா, இதற்கா இவ்வளவு கூத்து என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தது. பின்னால் பெட்டி படுக்கையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி. ரயிலுக்குப் போகிறார்கள் போல. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து நின்றார். ஓனர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டான் பாருங்க, மகராசன்! அம்மணி, சட்டுனு முறுக்குங்க. அவனுக்குப் போட்டுப் போணியை முடிச்சுடலாம்."

அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. அவருக்கு அது ஒரு ஆட்டோ, அவ்வளவுதான். நான் திருப்புளியைப் பைக்குள் போட்டுவிட்டு, டிரைவரிடம் நேராகப் போய்க் கன்னடத்தில், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வேறு பங்குக்குப் போங்கள் என்று சொன்னேன்.

டிரைவர் ஓனரைப் பார்த்தார். "தண்ணி இல்லப்பா, காவேரித் தீர்த்தம்" என்றார் ஓனர், அவருக்கும் கன்னடத்திலேயே. டிரைவர் உடனே செருப்பைக் கழற்றி, தொட்டி இருந்த பக்கம் பயபக்தியோடு கும்பிட்டு, இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மூடியைத் திருகி மூடிவிட்டு, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே பக்கத்துப் பங்குக்குப் போய்விட்டார்.

ராகுகாலம் பிறந்தது. ஓனர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மட்டும் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். நான் சாப்பிடவில்லை.

கல்யாணமாகித் திரும்பிய பையன் மறுவாரம் அங்கே போனான். முறுக்கினான். கையெழுத்தோடு ஒரு டப்பா மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரு துண்டு என் மேஜைக்கும் வந்தது. தொடவில்லை நான். எத்தனை வண்டி எங்கெங்கே நின்றதோ, நின்றவர்கள் யாரும் எங்கள் கம்பெனிக்குப் போன் பண்ணவில்லை.

முதலாளிக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்திருந்தது. ஒருநாள் ஒரு அட்டைப்பெட்டியோடு என் மேஜைக்கு வந்தார். உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள்.

"இனிமே வலது பக்க ரிலே மாட்யூல் ஒவ்வொண்ணுலயும் முன்னாடி இதை ஒண்ணு வெச்சுடு. ஆஃப் பண்ணா சைரனும் இல்லை, பம்பும் நிக்காது. கஸ்டமருக்குத் தொந்தரவே கிடையாது. ஒயரை முறுக்கற வேலையெல்லாம் எதுக்கு?" கொஞ்சம் குனிந்து, பிரியமாகவே சொன்னார்: "கோவம் இல்லைம்மா எனக்கு. நீ நல்லா வேலை தெரிஞ்சவ. இந்த லாட்டை முடிச்சுக் குடு, அடுத்த சைட் உனக்குத்தான். இந்தத் தடவை கையெழுத்துக்குக் கஷ்டமே இருக்காது."

நான் கேட்டுக்கேட்டு அலைந்தது அதோ, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சுவிட்சை எடுத்து அழுத்திப் பார்த்தேன். நல்ல தரம், டக்கென்று விழுந்தது.

"சார், இதை வெச்சப்புறம் சைட்டுக்கு இன்ஜினியர் எதுக்கு? சிவப்பா மினுக்கற ஒரு பெட்டியை ஆணியில மாட்டிட்டு வரணும், அவ்வளவுதானே? அதுக்கு நீங்களே போதும்."

சொல்லிவிட்டுப் பற்றவைக்கும் கோலின் பிளக்கைப் பிடுங்கினேன். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். வேறு வேலை கையில் இல்லை, வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை, பாதிப்படியில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேலேயிருந்து முதலாளி அடுத்த மேஜைப் பெண்ணிடம் அந்த அட்டைப்பெட்டியை நகர்த்திவைக்கிற சத்தம் கேட்டது. இது எதற்கு என்று அவள் கேட்டாள். "எதுக்கா இருந்தா என்னம்மா," என்றார் அவர், "சைட்டுக்குப் போகணும்னு உனக்கும் ஆசை இருக்குதானே?"